மெல்போர்ன் கோப்பை: யாரை முன்னால் வைப்பது?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் நடக்கும் நவம்பர் முதல் செவ்வாய் நெருங்குகிறது, எந்தக் குதிரை முந்தும் என்ற என் கணிப்புப் பட்டியல் இன்னும் முடிந்தபாடில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

அதற்குச் சில வாரம் முன்பு நடக்கும் கால்ஃபீல்டு கோப்பையில் ஜெயித்த குதிரையை அப்படியே மேலே வைக்கலாமா? அது 2400 மீட்டர், மெல்போர்ன் கோப்பை ஓடும் ஃபிளெமிங்டன் மைதானத்தில் 3200. கூடுதல் 800 மீட்டருக்கு மூச்சு தாங்குமா என்பதை எதை வைத்துக் கணிக்கிறீர்கள்? 2023இல் வித்தவுட் எ ஃபைட் இரண்டையும் வென்றது. எல்லோரும் நம்பிய வோபான், அயர்லாந்திலிருந்து வந்து 14ஆவதாக முடித்தது. அதிலிருந்து ஐரோப்பியக் குதிரை என்றாலே எனக்குச் சந்தேகம்தான் (நியாயமில்லை, தெரியும்).

அப்புறம் எடை (திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றிப் போட்டியைச் சமன் செய்வார்கள்). 2022இல் கோல்ட் டிரிப் 57.5 கிலோ சுமந்து ஜெயித்ததற்கு ஈரத் தரை உதவியதா? தரை காய்ந்திருந்தால் அதிக எடைக் குதிரைகளைக் கழித்துவிடலாமா?

பணம் கட்டவில்லை, அலுவலகப் போட்டிக்குத்தான். காரணத்தோடு சொன்னால் நல்லது.