சிங்கப்பூர் ஆபீசில் கலாய்த்தால் என்ன செய்வது? புதிதாக வந்தவர்களுக்கு

மெயில் பிரமாதமாக எழுதுவார்கள், கிளையண்ட்டிடம் தயங்காமல் பேசுவார்கள், ஆனால் லஞ்ச் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் ஒரு கிண்டல் வார்த்தை விட்டதும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வந்த நம் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன், பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஊரில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்த யாரும் அந்த மொழியில் எப்படிக் கலாய்ப்பார்கள், கலாய்த்தால் எப்படி வாங்கிக்கொள்வது என்று கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 'புல்லிங் யுவர் லெக்'. நம் ஊரில் ஒருவன் காலை வாரிவிட்டான் என்றால் கூடவே இருந்து கவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம். இது அது இல்லை. ஒரு புளுகை நிஜம் போலச் சொல்லி நீங்கள் நம்புகிறீர்களா என்று பார்ப்பது, அவ்வளவுதான். "வெள்ளிக்கிழமை டின்னரில் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் மேடையேறிப் பாடணும், தெரியுமில்ல?" என்பார்கள், நீங்கள் வெளிறிப்போனதும் சிரிப்பார்கள். 'கிட்டிங்', 'ஜஸ்ட் மெஸ்ஸிங் வித் யூ' எல்லாம் இதே வகைதான். மேனேஜர் பிரிட்டிஷ்காரராகவோ ஆஸ்திரேலியராகவோ இருந்தால் 'வைண்டிங் யூ அப்', 'டேக்கிங் த மிக்கி' என்றும் காதில் விழும். முதலாவது சீண்டி வேடிக்கை பார்ப்பது, இரண்டாவது ஆளை வைத்து ஓட்டுவது.

நம்முடைய காலை வாருவதற்கு நெருக்கமாக இங்கே இருக்கும் சொல் 'சபோ'. சபோட்டாஜ் என்பதன் சுருக்கம். மீட்டிங்கில் "இதை யார் பிரசென்ட் பண்ணுவது?" என்று பாஸ் கேட்டதும், உங்கள் நண்பர் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பாரே, அதுதான் சபோ. மாட்டிக்கொண்ட நீங்கள் 'கெனா சபோ'. இந்தக் 'கெனா' மலாய்ச் சொல், வேண்டாத ஒன்று தலையில் விழுந்தால் முன்னால் போட்டுக்கொள்வார்கள். பாஸே நேராக உங்கள் மேல் வேலையைத் தள்ளினால் 'கெனா அரோ', அம்பு உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. இது ராணுவ முகாமில் புழங்கும் பேச்சு. 1967இலிருந்து இங்கே ஆண்பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகிறார்கள், அங்கே பழகிய கிண்டலை ஆபீசுக்கும் கூட்டி வருகிறார்கள், அதனால் உள்ளூர் ஆண்கள் ஒருவரையொருவர் ஓட்டுவது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தெரியும். தப்பான ஆங்கிலம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே 'சபோ'வைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்தது 'டிஸ்டர்ப்'. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "டோண்ட் டிஸ்டர்ப் ஹர் லா" என்று ஒருவர் சொன்னால் அவள் வேலையைக் கெடுக்காதே என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவளைச் சீண்டாதே என்றும் இங்கே அர்த்தம் உண்டு. மலாயில் 'காச்சாவ்' என்பார்களே, அதே பொருள்தான். "தே லைக் டு டிஸ்டர்ப் மீ" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் அவர் புகார் சொல்லவில்லை.

'டீஸ்' என்ற சொல்லில் வேறு சிக்கல். ஈவ் டீசிங் என்று செய்தித்தாளில் படித்தே வளர்ந்ததால் நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சுருக்கென்று இருக்கும், பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். சக ஊழியர் "ஐ வாஸ் ஜஸ்ட் டீசிங் யூ" என்றால் பெரும்பாலும் சும்மா கேலி என்றுதான் சொல்கிறார். அந்தச் சொல்லை வைத்து அவரை எடைபோடாதீர்கள். அவர் செய்தது உங்களுக்குச் சங்கடமாக இருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சாப்பாட்டுப் படம் போட்டால் 'போ ஜியோ!' என்று வரும். ஹொக்கியன் பேச்சு, என்னைக் கூப்பிடவே இல்லையே என்று செல்லமாகக் கோபிப்பது. இதற்கு விளக்கம் எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டாம், "நெக்ஸ்ட் டைம் ஜியோ யூ" போதும், அப்புறம் நிஜமாகவே ஒரு நாள் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு பிரியாணி வாங்கிக்கொடுங்கள். யோசனையில் ஆழ்ந்து எதையோ கவனிக்காமல் விட்டால் 'பிளர் லைக் சோத்தோங்' என்பார்கள். சோத்தோங் என்றால் கணவாய் மீன். திட்டு இல்லை, ஆனால் வாரம் முழுக்க உங்களுக்கு அதே பட்டம் என்றால் வேலையில் எங்கேயோ கவனம் பிசகுகிறது என்று கூட எடுத்துக்கொள்ளலாம்.

சிரிப்பு மாதிரி இருந்து சிரிப்பே இல்லாத சில வாசகங்களும் உண்டு. 'யூ மஸ்ட் பி ஜோக்கிங்' என்றால் பெரும்பாலும் எரிச்சல், நம்ம ஊர் "விளையாடுறியா?" மாதிரி. குரல் ஏறாமல் இறங்காமல் 'வெரி ஃபன்னி' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'தட் கை இஸ் எ ஜோக்கர்' என்றால் அந்த ஆளை நம்பி வேலை கொடுக்க முடியாது என்கிறார்கள். 'நோ அஃபென்ஸ்' என்று ஆரம்பித்தால் அடுத்து வரப்போவது கொஞ்சம் குத்தும்.

பதில் சொல்வது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீளமாகச் சொல்லாதீர்கள். "வா, டுடே ஸோ ஹேண்ட்சம், காட் டேட் ஆ?" என்றால் "ஆஃப் கோர்ஸ் லா" என்று சிரித்துவிட்டுப் போங்கள், சட்டை எங்கே வாங்கினீர்கள் என்ற கதையெல்லாம் வேண்டாம். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில் ஆண்ட்டி உங்களை 'ஹேண்ட்சம்' என்று கூப்பிட்டால் அது எல்லா வாடிக்கையாளருக்கும் உள்ளது. பதிலுக்குப் பதில் உடனே ஓட்டணும் என்று அவசரப்படவும் வேண்டாம். யார் யாரிடம் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறார்கள் என்று கொஞ்ச நாள் கவனியுங்கள். சீன நண்பரோ மலாய் நண்பரோ "டேய்", "மச்சா" என்று கூப்பிட்டால் அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் இங்கே அந்தச் சொற்கள் எல்லா இனப் பிள்ளைகள் வாயிலும் புழங்குகின்றன, மரியாதைக் குறைவாக நினைத்துச் சொல்வது இல்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் "கால் மீ பை நேம் லா" என்று சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

இனம், மதம், தோல் நிறம், உச்சரிப்பு இந்த நான்கிலும் நீங்கள் யாரையும் கிண்டல் பண்ணாதீர்கள், ஊரில் நண்பர்களுக்குள் அது எவ்வளவு சாதாரணமாக இருந்திருந்தாலும் சரி. இங்கே அது போலீஸ் புகார் வரைக்கும் போகும் விஷயம். அதே அளவு உங்களுக்கும் பொருந்தும். உங்களைப் போலத் தலையை ஆட்டிக்காட்டி, உங்கள் பேச்சை இழுத்துக்காட்டி ஒருவர் சிரித்தால், அதை விளையாட்டு என்று விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழ வேண்டிய அவசியம் இல்லை. "தட் ஒன் நாட் ஃபன்னி" என்று அமைதியாக, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். தொடர்ந்தால் தேதியும் சொன்ன வார்த்தையும் குறித்துவைத்துக்கொண்டு ஹெச்ஆரிடம் போங்கள், அங்கே நடக்கவில்லை என்றால் வேலையிடத்தில் நியாயமாக நடத்துகிறார்களா என்று கவனிக்கும் டஃபெப் (TAFEP) அமைப்பிடம் கேட்கலாம். தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இலிருந்து இருக்கிறது, வொர்க் பாஸில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, ஊருக்குப் போகும்போது சாங்கி விமான நிலையத்தில் பையைச் சோதிப்பவர் "என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "பாம்" என்று விளையாட்டுக்குக்கூட வாயைத் திறக்காதீர்கள். 10 வருடம் வரை சிறை, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

புரியாத கிண்டல் ஏதாவது காதில் விழுந்தால் கீழே எழுதுங்கள். சொன்னவர் உள்ளூர்க்காரரா வெளிநாட்டவரா, உங்களுக்குச் சமமானவரா மேலதிகாரியா, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களா என்பதையும் சேர்த்துப் போடுங்கள், வெறும் வார்த்தையை வைத்து என்னால் சொல்ல முடியாது.