ஜீப் எப்போது குடும்ப வண்டி ஆனது? சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டியில் இருந்து:

விடுமுறை நாளில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் நின்று பாருங்கள். உயரமான, சதுர முகம் வைத்த வண்டிகள் வரிசையாக ஏற்காடு ஏறும். உள்ளே ஏசி, பின் சீட்டில் பாட்டி, பக்கத்தில் குழந்தை. எங்கள் சின்ன வயதில் அந்த முகத்தோடு ஒரு வண்டி மலை ஏறினால் அது தோட்டத்து ஜீப்தான், உள்ளே ஆட்களோ மூட்டையோ இருக்கும்.

என் பெரியப்பா நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். அந்தத் தோட்டத்து ஜீப்பில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே கித்தான். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டைக் கம்பி இருக்கும். ஒன்று முன்சக்கரத்துக்கும் விசை கொடுக்க, மற்றது வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குப் பலம் கூட்டும் லோ கியருக்கு. சேற்றில் இறங்கும் முன்னால் டிரைவர் மழையிலேயே குதித்து, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருகிவிட்டு வருவார். அப்புறம்தான் முன்சக்கரக் கம்பியில் கை வைப்பார். காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். பின்னால் காபி மூட்டை ஏற்றிவிட்டால் அதே வண்டி அடங்கிப் போகும். பட்டை பட்டையாக அடுக்கிய அந்த லீஃப் ஸ்பிரிங் சுமையைக் கணக்கு வைத்துப் போட்டது, உட்காருகிறவரின் இடுப்பை யாரும் யோசிக்கவில்லை. பெரியம்மா அதில் ஏறவே மாட்டார். சேலத்துக்கு வர பஸ்தான்.

இப்போது எங்கள் வீட்டில் மஹிந்திராவின் தார் ராக்ஸ், டீசல், 4 வீல் டிரைவ். போன தை மாதம் பெரியம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து நாகலூர் கூட்டிப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் பேசிக்கொண்டே வந்தார். தோட்டத்து மண் ரோட்டில் இறங்கியபோதுகூடப் பிடியைத் தேடவில்லை.

வந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். மஹிந்திரா 1940-களின் கடைசியில் இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. 2000-ல் பொலேரோ, 2002-ல் ஸ்கார்ப்பியோ. 2010-ல் வந்த முதல் தாரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், எதிரெதிர் பெஞ்சு, ஏறக்குறைய பெரியப்பா கால ஏற்பாடு. 2020 தாரில் சுருளாக இருக்கும் காயில் ஸ்பிரிங், முன்னோக்கிய பின் சீட், ஆட்டோமேட்டிக் எல்லாம் வந்தன. வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம். 2024-ல் ஐந்து கதவு ராக்ஸ் வந்து, அதே மாதிரி நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பில் 5 வாங்கியது. கித்தான் ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றிய காலத்தை நினைத்தால் இந்த நட்சத்திரங்களின் அருமை தெரிகிறது.

"வண்டி மென்மையாகிவிட்டது, ஜீப்பே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மென்மை வந்ததால்தான் வீட்டுப் பெண்களும் வயசானவர்களும் இந்த வண்டியில் ஏறினார்கள். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் ஓடும் தார் வந்தது. முகம் அதே முகம், ஆனால் லோ கியர் கிடையாது. சீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் மெத்தென்று ஆக்கட்டும், சக்கரத்தின் பலத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூட்டித் தரும் அந்தக் கியரை எடுத்துவிட்டால் தோட்டத்து ரோட்டுக்கு மிஞ்சுவது அந்த முகம் மட்டும்தான்.

கொண்டலாம்பட்டியில் இருந்து, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்:

அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்கிறேன். பழைய ஜீப்புக்கு அடியில் தனிச் சேஸ், அதாவது இரும்புச் சட்டம், அதன் மேல் பாடியை போல்ட் போட்டு மாட்டியிருக்கும். விரிசல் விட்டால் தகடு வைத்து வெல்டிங் அடித்து மறுநாள் அனுப்பிவிடுவோம். மோனோகாக் வண்டியில் பாடிதான் சேஸ். பலமாக இடித்துவிட்டால் ஜிக் என்ற அளவுச் சட்டத்தில் ஏற்றி அளவு பார்க்காமல் கை வைக்கக் கூடாது. அதே சமயம், இடி வாங்கும்போது முன்பக்கம் மடங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் வித்தை இதில் நன்றாக வருகிறது. எடை குறையும், வண்டியின் தளம் தாழும், வளைவில் ஆட்டமும் குறையும். கம்பெனிகள் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை. 1998-ல் வந்த டாடா சஃபாரி தனிச் சேஸ் வண்டி, அதில் 4 வீலும் கிடைத்தது. 2021-ல் அதே பெயரில் வந்தது மோனோகாக், முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். தார், ராக்ஸ், ஸ்கார்ப்பியோ-என் ஆகிய மூன்றுக்கும் இன்னும் தனிச் சேஸ் இருக்கிறது.

ஐந்து ரோட்டில் இருந்து:

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1970-ல் முதல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது சீட்டு வினைல், டேஷ்போர்டு பிளாஸ்டிக், சேறானால் உள்ளேயே தண்ணீர் விட்டுக் கழுவலாம். இன்று அதே பெயருள்ள வண்டிக்குள் செருப்போடு கால் வைக்கவே யோசிப்போம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 2011 மாடலில் தனிச் சேஸை விட்டது. லேண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரியோடு நின்றது. புதிய டிஃபெண்டர் மோனோகாக் அலுமினியம், ஆனால் லோ கியரை விடவில்லை. அண்ணா கேட்பது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அதுவே சாட்சி.

ஏற்காட்டில் இருந்து, டாக்சி ஓட்டுபவர்:

நான் பயந்து பார்ப்பது இறங்கும் ரோட்டை. பழைய ஜீப்பில் செகண்ட் கியரில் இறங்கினால் இன்ஜின் கத்தும், வண்டி தானாக அடங்கி வரும், வேகம் காதிலேயே தெரியும். புது வண்டியில் கண்ணாடி ஏற்றிவிட்டால் சத்தமே இல்லை. ஆட்டோமேட்டிக்கை டி-யில் போட்டுவிட்டு வழியெல்லாம் பிரேக்கிலேயே கால் வைத்து வருகிறார்கள். கோடை விழா சமயத்தில் கீழ் வளைவுகளில் நின்றால் பிரேக் கருகிய வாடை மூக்கில் ஏறும். தயவுசெய்து மேனுவல் மோடுக்கு மாற்றிக் கியரைக் குறைத்து இறங்குங்க. வாடை வந்தால் ஓரம் கட்டி ஆற விடுங்க, சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்க.

இன்னொன்று. டிசம்பரில் காபிப் பழம் பறிக்கும் நேரம், செம்மநத்தம் பக்கம் ஒரு ஏழு சீட்டு வண்டி நின்றுவிட்டது. பெயர் வேண்டாம், முன்சக்கரம் இழுக்கும் ரகம். குடும்பமே உள்ளே. ஈரச் செம்மண் ஏற்றத்தில் எடை முழுவதும் பின்னால் போய்விட்டது, முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்தது. அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அம்மாபேட்டையில் இருந்து:

எங்களுக்குக் குப்பனூர் பக்கம் கொஞ்சம் நிலம். கடைசித் தூரம் மண் பாதை, நடுவில் ஒரு மேடு. அப்பா அம்மா இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். எது சரிப்படும்?

அஸ்தம்பட்டியில் இருந்து:

முதலில் அந்த மேட்டைப் பாருங்க. மூன்று கதவு தாரில் முன் பின் சக்கர இடைவெளி 2450 மில்லிமீட்டர், ராக்ஸில் 2850. மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் 27 டிகிரியில் இருந்து 24-ஐ ஒட்டி இறங்கிவிடும். பின் சீட்டுக்குத் தனிக் கதவு வைக்கக் கொடுக்கிற விலை அது. மேடு கூர்மையாக இருந்தால் மண்வெட்டியால் கொஞ்சம் சீவிவிட்டாலே போதும். அப்பா அம்மாவுக்கு அந்தக் கதவு கட்டாயம், அதனால் ஐந்து கதவு வண்டிகளையே பாருங்க. ராக்ஸில் 4 வீல் டீசலில் மட்டும்தான். மாருதி ஜிம்னியில் லோ கியரும் உண்டு, வண்டியும் சின்னது, நான்கு பேருக்குப் போதும். பாதை மழையிலும் கெட்டியாக நிற்கும் என்றால் 4 வீலுக்குக் காசு கொடுக்க வேண்டாம், நல்ல டயர் போடுங்க. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் பைபாஸில்தான் தருவார்கள். குப்பனூர் ரோடு வரை கேட்டு வாங்குங்க, அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்க.