விங்ஸ்பேன்: சதவீதம் இல்லாத போனஸ் அட்டைகளை எங்கே வைப்பது?

பறவை அட்டைகளை வைத்து ஆடும் பலகை விளையாட்டான விங்ஸ்பேன் ஆடுபவர்கள் உதவுங்கள். ஆட்ட முடிவில் கூடுதல் புள்ளி தரும் 26 போனஸ் அட்டைகளையும் தரவரிசைப்படுத்திப் பார்க்கிறேன், பாதியில் நிற்கிறது.

எங்களிடம் இருப்பது 2019-இல் வந்த அடிப்படைப் பெட்டி மட்டும், 170 பறவைகள். நானும் அக்காவும் நான்கு மாதமாக ஞாயிறுதோறும் ஆடுகிறோம்.

முதலில் அட்டையின் அடியில் அச்சிட்ட சதவீதத்தை, அதாவது மொத்தப் பறவைகளில் எத்தனை பங்கு அதற்குப் பொருந்தும் என்பதை, வைத்து அடுக்கினேன். விதை தின்னும் பறவைகளுக்கான அட்டை மேலே வந்தது. ஆனால் அதில் 5 பறவைக்கு 3 புள்ளிதான். 7 புள்ளிக்கு 8 பறவை வேண்டும். சரி என்று, சதவீதத்தைத் தேவையான எண்ணிக்கையால் வகுத்தேன். அது ஓரளவு ஆட்டத்தோடு ஒத்துப்போகிறது.

சதவீதமே இல்லாத அட்டைகளில்தான் மாட்டிக்கொண்டேன். ஈகாலஜிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பறவை மிகக் குறைவாக உள்ள வாழிடத்தில் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. போன வாரம் காடு, புல்வெளி, நீர்நிலை மூன்றிலும் நான்கு நான்காக வைத்து அக்கா 8 புள்ளி எடுத்தாள். முட்டையுள்ள பறவை 9 இருந்தால் 6 புள்ளி தரும் ஊலஜிஸ்ட்டும் எனக்கு மலிவாகவே படுகிறது. கடைசிச் சுற்றின் 5 முறையும் பெரும்பாலும் முட்டைக்குத்தானே போகிறது. ஆனால் கையில் 8 அட்டை மிச்சம் கேட்கும் விஷனரி லீடருக்கும் அதே 5 முறைதான் வேண்டும்.

தொடக்கத்தில் கிடைக்கும் இரண்டு போனஸ் அட்டைகளில் ஒன்று இந்த வகை என்றால், அதைச் சதவீத அட்டையோடு எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறீர்கள்?