பழைய புல்லட்டை வெட்டி பாபர் ஆக்குவது சரியா?

கொங்கு ரைடர்:
எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்த 1994 மாடல் ஸ்டாண்டர்டு 350 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது, என்ஜின் வேலையும் முடிந்துவிட்டது. அடுத்தது உருவம். பாபர் ஆக்கப் போகிறேன், அதாவது பின்பக்கத்தை நறுக்கிக் குட்டையாக்கிய வண்டி. ஃபிரேமின் பின் பகுதியை வெட்டி வளைவாக லூப் வைக்க வேண்டும், பின் மட்கார்டைக் குட்டையாக்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், அகலமான டயர், குட்டை சைலன்சர், டேங்க் முழுக்க மேட் கறுப்பு. கோவையில் ஒரு பட்டறையில் பேசியும் வைத்திருக்கிறேன்.

எங்கள் ரைடிங் குரூப்பில் பாதிப் பேர் இதைப் பாவம் என்கிறார்கள். எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. ரெடிமேட் சட்டையைக்கூட உடம்புக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்துத்தான் போடுகிறோம். எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் ஆலையிலிருந்து வருகிறது. என் வண்டி மட்டும் கம்பெனி கொடுத்தபடியே கடைசிவரை இருக்க வேண்டுமா? எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்கத் தயார்.

பழைய புல்லட்:
தம்பி, காரணம் கேட்டதற்கு நன்றி. 1955-ல் மெட்ராஸில் புல்லட்டின் பாகங்களைப் பூட்டி வண்டியாக்க ஆரம்பித்தார்கள். பிறகு திருவொற்றியூர் ஆலையிலேயே முழுதாகத் தயாரானது. உங்களுடையது அந்தப் பழைய வரிசை: காஸ்ட் அயர்ன் சிலிண்டர் வைத்த என்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நியூட்ரல் தேடத் தனியாக ஒரு லீவர். இந்த அமைப்பில் இனி ஒரு வண்டி ஆலையிலிருந்து வராது. இருப்பவற்றில் ஒன்றை வெட்டினால் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான் கணக்கு.

டேங்கில் ஓடும் பொன்னிறக் கோட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தூரிகை நின்ற தடம் தெரியும். அந்த ஆலையில் அந்தக் கோடுகளைக் கையால்தான் இழுத்தார்கள், ஒரே மூச்சில். எல்லா வண்டியும் ஒரே மாதிரி என்கிறீர்கள். கையால் இழுத்த கோடு இரண்டு டேங்கில் ஒன்றுபோல வருமா? அதன் மேல் மேட் கறுப்பு அடித்தால், இருந்த தனித்தன்மையை அழித்துவிட்டு ஆயிரம் பேர் வைத்திருக்கும் கறுப்பை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

ஜி.பி.ரோடு:
அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இது வண்டியை மியூசியத்தில் வைக்கிற பேச்சு. மோட்டார் சைக்கிள் உலகில் நாம் கும்பிடுகிற உருவங்கள் எல்லாம் வெட்டியதால் வந்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் எடையைக் குறைக்க மட்கார்டை நறுக்கினார்கள், அதுதான் பாபர். லண்டனில் ஏஸ் கஃபே வாசலில் கூடிய பையன்கள் ஹேண்டிலை இறக்கி, ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளி, மணிக்கு நூறு மைல் தொட வேண்டும் என்று வெறியாக அலைந்தார்கள், அதுதான் கஃபே ரேசர்.

அந்தப் பையன்கள் தெருவில் செய்ததைப் பார்த்துத்தான் 1960-களில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியே கான்டினென்டல் ஜிடி 250 என்று ஒரு வண்டி விட்டது. 2013-ல் அதே பெயரில் 535 சிசி வண்டி நம் ஊரிலிருந்து வந்தது. கம்பெனியே ஓட்டுகிறவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க ஓட்டுகிறவன் வெட்டினால் மட்டும் குற்றமா? கொங்கு ப்ரோ, தைரியமாக வெட்டுங்கள்.

பட்டறைக்காரன்:
நான் புல்லட் வேலை செய்கிறவன். வரலாறு இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள். இரும்புப் பக்கம் பேச ஆள் இல்லையே என்று எழுதுகிறேன்.

முதலில் டயர். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது முன்னும் பின்னும் 3.25-19. ரிம்மும் அதற்கேற்ற ஒல்லி. அதே ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கங்கள் உள்ளே இழுபட்டு, டயர் நடுவில் உருண்டு நிற்கும். பார்க்க அகலம், ஆனால் ரோட்டில் பதிகிற இடம் நினைத்த அளவு கூடாது. வளைவில் வண்டி சாய மறுக்கும், சாய்ந்தால் சட்டென்று விழும். ஒரு பக்கம் செயின் உரசும், இன்னொரு பக்கம் ஸ்விங் ஆர்ம். அகல டயர் வேண்டுமென்றால் அகல ரிம் போட்டு, ஸ்போக் மாற்றி, செயின் லைனை நேர் பார்க்க வேண்டும். அந்தச் செலவைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

இரண்டாவது ஃபிரேம். கிரைண்டர் வைத்து வெட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை பிடித்திருப்பது அந்தப் பகுதியில்தான். எங்கே வெட்டுகிறோம், உள்ளே குழாய்த் துண்டு கொடுத்து வெல்டிங் வைக்கிறோமா, ஜிக்கில் (ஃபிரேம் அசையாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டி வைக்கிறோமா, இதெல்லாம் பார்க்காமல் செய்தால் சூட்டில் ஃபிரேம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பின் சக்கரம் ஒரு கோட்டில் போகும், முன் சக்கரம் வேறு கோட்டில் போகும். அப்படி வந்த வண்டிகளை நேராக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. உங்கள் பட்டறையில் ஃபிரேம் ஜிக் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது சைலன்சர். புல்லட்டின் தாளம் சைலன்சரில் இல்லை. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), கனமான ஃப்ளைவீல். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குவதாலும், ஃப்ளைவீல் நிதானமாகச் சுற்றுவதாலும்தான் ஐடிலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. குட்டை சைலன்சர் போட்டால் சத்தம் பெரிதாகும், தாளம் அதேதான். கூடவே புகை வழி லேசாகிவிட்டதால் காற்று கூடி, பெட்ரோல் பற்றாமல் ஓடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியது வெள்ளையாக இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை மாற்றாமல் விட்டால் என்ஜின் சூடேறி, செய்த வேலையெல்லாம் வீண்.

இதே யமஹா ஆர்.எக்ஸ்.100 ஆக இருந்தால் கதையே வேறு. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறு என்ஜினில் ஒரு பாகம். அங்கிருந்து திரும்பி வரும் அலைதான் வெளியே நழுவும் புதுப் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை அறுத்துவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

வக்கீல் வீட்டுப் பிள்ளை:
சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: தயாரிப்பாளர் சொன்னதற்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையாளர் அனுமதியில்லாமல் மாற்றினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கொங்கு நண்பர் சொன்ன பட்டியலை எண்ணிப் பாருங்கள்.

நிறம் மாற்றுவது அப்படியில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டால் சிக்கல் இல்லை. ஃபிரேமை வெட்டுவதற்கு அந்த வழி கிடையாது.

ஜி.பி.ரோடு:
சார், இந்தச் சட்டப்படி பார்த்தால் பால்காரர் கேன் மாட்டக் கம்பி அடித்த வண்டியும் குற்றம், மீன்காரர் பெட்டி கட்டிய வண்டியும் குற்றம். அவர்களை யாரும் பிடிப்பதில்லை. சட்டத்தில் கூடாது என்று இருப்பதற்கும் ரோட்டில் நடப்பதற்கும் தூரம் அதிகம்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை:
போலீஸ் பிடிப்பதை விடுங்கள். வண்டி யார் மீதாவது மோதிவிட்டால் என்ன செய்வீர்கள்? இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து வெட்டிய ஃபிரேமைப் பார்ப்பார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் என்று தெரிந்தால் கிளெய்ம் கேள்விக்குறிதான். அடிபட்டவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் உங்கள் தலையில் விழலாம். பால்காரர் கம்பியைப் போல்ட்டில் மாட்டியிருக்கிறார், கழற்றினால் வண்டி பழையபடி. அதையும் இதையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

வண்டிக்காரி:
மதுரையிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு பேச்சிலும் ஓட்டுகிற உடம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கிளாசிக் 350 சீட் உயரம் 805 மில்லிமீட்டர். சிக்னலில் நின்றால் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். சீட் தைக்கும் கடையில் கொடுத்து ஃபோமைச் செதுக்கி, இரண்டு ஓரத்தையும் ஒடுக்கினேன். ஹேண்டில்பாரை என் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் அது என் வண்டி ஆனது. பழைய புல்லட் அண்ணன் சொல்கிற மாதிரி கம்பெனி கொடுத்தபடியே ஓட்ட வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் ஓட்டவே முடியாது. கம்பெனி யாருடைய உயரத்தை மனதில் வைத்து அளவெடுத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே நேரம் கொங்கு ரைடருக்கும் ஒரு கேள்வி. உங்கள் பட்டியலில் உங்கள் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் என்று எது இருக்கிறது? ஒற்றை சீட் போட்டால் வீட்டில் யாரையாவது ஏற்றிக்கொண்டு போவது எப்படி? மட்கார்டைக் குட்டையாக்கினால் ஐப்பசி மழையில் ரோட்டுச் சேறு எல்லாம் உங்கள் முதுகில், பின்னால் வருகிறவர் முகத்தில். படத்தில் பார்த்த வண்டியை நீங்கள் செய்கிறீர்கள். நீங்கள் ஓட்டப்போகிற வண்டி அதில் இல்லை.

பழைய புல்லட்:
தங்கச்சி, சீட்டைச் செதுக்குவதை நான் எதிர்க்கவில்லை. பழைய சீட்டை எடுத்து வைத்தால் நாளைக்கே மாட்டிவிடலாம். திரும்பிப் போக வழி இருக்கிற மாற்றம் எதற்கும் நான் எதிரி இல்லை. கிரைண்டருக்கும் பெயின்ட் ரிமூவருக்கும்தான் எதிரி.

சைலன்சரில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றதெல்லாம் உங்கள் வண்டி, உங்கள் பாடு. சத்தம் அடுத்தவன் வீட்டுக்குள் போகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்பது விதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதி என்று அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் இரவில் 40. எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு இப்படி ஒரு வண்டி போனால் அவர் தூக்கிவாரிப்போட்டு எழுகிறார். அதை ஓட்டிப் போகிற பையனுடைய ஸ்டைல் அவருக்கு எதற்கு?

ஜி.பி.ரோடு:
நோயாளியைச் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது, அது நியாயம்தான். சைலன்சரை விட்டுவிடுங்கள். ஆனால் ஃபிரேமை வெட்டாத பாபர் பாபரே இல்லை. உயரமான பின்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பிரிங் சீட் போட்டால் அரைகுறையாகத்தான் நிற்கும். செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அண்ணன் சொல்வதுபோல ஒரிஜினலாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கொங்கு ரைடர்:
எல்லோர் பதிலையும் படித்தேன். என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் என் கை பட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அண்ணே, அந்தக் கோட்டை யாரோ ஒருவர் தன் கையால் இழுத்தார் என்று சொன்னீர்கள் அல்லவா? அந்த ஆசைதான் எனக்கும். இன்னொருவர் கை பட்டிருக்கிறது என்பதற்காக என் கை படக் கூடாது என்று ஆகாது.

சைலன்சர் கம்பெனி சைலன்சராகவே இருக்கும். தாளம் என்ஜினில் இருக்கிறது என்ற பிறகு அதில் எனக்கு ஆசையே போய்விட்டது. டயரும் 3.25 தான். பட்டறையில் ஜிக் உண்டா என்று இன்று கேட்டேன், தரையில் வைத்துத்தான் வெல்டிங் என்றார்கள். அதனால் ஃபிரேமில் கை வைக்கப்போவதில்லை. ஒற்றை சீட் மட்டும் கட்டாயம் வேண்டும், நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். வெல்டிங் இல்லாமல் அதை மாட்ட முடியுமா?

பட்டறைக்காரன்:
முடியும். பழைய சீட்டின் போல்ட் துளைகளையே பயன்படுத்தி ஒரு பிளேட் அடித்து, அதன் மேல் ஸ்பிரிங் சீட்டை உட்கார வையுங்கள். பிளேட் நாலு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கினாலும் மட்கார்டில் இடிக்காத அளவு இடம் விடுங்கள். முதல் தடவை நீளமாக ஓட்டிவிட்டு வந்ததும் போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும், புல்லட் அதிர்வில் எதுவும் கழலும்.

டேங்குக்கு ஒரு யோசனை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய டேங்க் தனியாகக் கிடைக்கும். அதில் உங்கள் கறுப்பை அடித்து மாட்டுங்கள், ஆர்.சி.யில் நிறத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் டேங்கைக் காய வைத்து, உள்ளே எண்ணெய் ஊற்றிச் சுற்றிவிட்டு எடுத்து வையுங்கள், துரு பிடிக்காது.

பழைய புல்லட்:
அப்படியென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை தம்பி. ஆனால் மேட் கறுப்பு பற்றிய என் கருத்து அதேதான்.