புதுத் தாவோயிச ஆலயங்கள்: கூரை, டிராகன், புகை

கோலாலம்பூர் தியான் ஹோ ஆலயம் 1987இல் கட்டி முடிந்து 1989இல் திறக்கப்பட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் மரக்கட்டடம் மாதிரி தெரியும், ஆனால் கான்கிரீட். தாவோயிசம் என்ற சீனச் சமயத்துக்கு இப்படிப் புது ஆலயம் கட்டும்போது முதலில் கவனிக்க வேண்டியது கூரையைத்தான். சீனக் கூரை உச்சியில் செங்குத்தாக இறங்கி, இறவாரத்தில் வாட்டம் குறைந்து, மூலையில் மேலே வளையும். மேலிருந்து வேகமாக வரும் மழைநீர் இறவாரத்தில் தயங்கும். அதனால் ஒரு ஓட்டின்மேல் அடுத்த ஓடு ஏறும் அளவை அங்கேதான் கூட்ட வேண்டும். பலர் கூரை முழுக்க ஒரே அளவில் வைத்துவிடுகிறார்கள்.

மரச்சட்டக் கூரை ஒழுகினால் பெரும்பாலும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே சொட்டும். கான்கிரீட் தளம் போட்டுக் கலவையில் ஓடு பதித்தால், நீர் கலவைக்குள்ளேயே ஓடி எங்கோ தள்ளி வெளிவரும். கண்டுபிடிப்பதற்குள் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும். நீர்க்காப்புப் பூச்சைத் தளத்தின்மேல், ஓடு பதிக்கும் முன்பே அடித்துவிடுங்கள்.

---

கூரை முகட்டு டிராகன்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பிக்கூடு கட்டி, சுண்ணாம்பு, மணல், சணல் நார், வெல்லப்பாகு கலந்த சாந்தில் உடல் பிடித்து, ஈரம் காயும் முன் பீங்கான் சில்லுகளைச் செதில் செதிலாக அழுத்துவார்கள். கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்த நம் கோபுரச் சுதைக்கு நெருங்கிய சொந்தம் இது. சாதாரண இரும்புக் கம்பி போட்டால் அது துருவேறிப் பருத்து, உடலை உள்ளிருந்தே பிளக்கும். முதலில் போவது மீசையும் நகமும்தான். அங்கே சாந்து மெல்லியது. துருப்பிடிக்காத எஃகோ செம்போ போடுங்கள். சிமெண்டில் பிடித்தால் சீக்கிரம் இறுகும், ஆனால் பின்னால் ஒரு சில்லு மாற்றப் போனால் பக்கத்துச் சில்லும் உடையும்.

---

முகட்டுக்கு இவ்வளவு செலவழித்துவிட்டு முற்றத்தைக் கெடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டு மண்டபங்களுக்கு நடுவே திறந்த முற்றம் விடுவதே ஊதுபத்திப் புகை மேலே போவதற்கு. வெயிலுக்கும் மழைக்கும் என்று அதன்மேல் பிளாஸ்டிக் தகடு போட்டதும் புகை திரும்பி மண்டபத்துக்குள் வரும். உத்தரத்தில் இருக்கும் தங்கப்பூச்சு கறுத்துவிடும். தகடு போட்டே ஆக வேண்டுமென்றால் கூரை மட்டத்துக்கு மேலே தூக்கி, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விடுங்கள். தூபக்கலயம் தகட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

---

புகையையே நிறுத்தியவர்களும் உண்டு. தைப்பேயின் ஷிங்தியான் ஆலயம் 2014 ஆகஸ்டில் தூபக்கலயங்களை எடுத்துவிட்டது. ஹாங்காங் வோங் தாய் சின் ஆலயத்தில் 2011இல் திறந்த, தைசுய் எனும் ஆண்டுத் தெய்வங்களுக்கான மண்டபம் நிலத்துக்கடியில் இருக்கிறது. நம் பிரபவ முதல் அட்சய வரை போல அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுழற்சி. ஆண்டுக்கொரு தெய்வமாக 60 பேர், நடுவில் விண்மீன்களின் தாயான தௌமு அன்னை. அங்கே நெருப்பில்லாத மின்னணு வழிபாடு. நிலத்தடியில் ஆலயம் கட்டுவதென்றால் வேறு வழியும் இல்லை: அத்தனை ஊதுபத்திப் புகையை இழுத்து வெளியே தள்ளப் பெரிய குழாய் வேண்டும், அது வாய் திறப்பது மேலே கும்பிடுபவர்கள் நடுவில்தான்.

---

சிங்கப்பூரில் சிக்கல் வேறு. புதுநகர்களில் ஆலய நிலம் 30 ஆண்டுக் குத்தகை. இடம்பெயர்ந்த பல ஆலயங்கள் ஒரே மனையைப் பகிர்ந்து கொள்கின்றன. பீடங்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கழற்றும்படி செய்வது நல்லது. குத்தகை முடிந்தால் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.