கட்சிச் சண்டை அப்பவும் இருந்துச்சு, சொந்தக்காரங்க பேசாம போறது இப்பத்தானா?

நடு_பெஞ்சு

எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் க்ரூப்புல அறுபது பேருக்கு மேல இருக்கோம். காது குத்து, கிரகப்பிரவேசம், யாருக்கு வரன் பாக்குறாங்க, எந்த டாக்டர் நல்லா பாக்குறார்னு ஓடிட்டு இருந்த க்ரூப்பு. பெரிய மாமா பக்கா திமுக உடன்பிறப்பு, சித்தப்பா பையன் பெங்களூர்ல ஐடி, தீவிர மோடி ஆளு. மாமா ஏதோ ஒரு வீடியோ போட, இவன் கீழ வந்து "200 ரூவா உபி"ன்னு, அதாவது காசுக்கு எழுதுற உடன்பிறப்புன்னு எழுத, அவர் பதிலுக்கு "சங்கி"ன்னு எழுத, நடுவுல இன்னொரு தம்பி வந்து ரெண்டு பேரும் திருடனுங்க எங்க அண்ணன்தான் சரின்னு சீமான் வீடியோ போட, அன்னைக்கே அத்தை க்ரூப்ப விட்டு வெளிய போய்ட்டாங்க. இப்ப விசேஷ வீட்டுல ரெண்டு குடும்பமும் ஒரே பந்தில உக்காறது இல்ல.

அப்பா என்ன சொல்றார்னா, எங்க தாத்தா ரெட்டை இலை, சின்ன தாத்தா உதயசூரியன், திண்ணைல உக்காந்து தொண்டை கிழிய சண்டை போட்டுட்டு ஒண்ணா சாப்பிட எந்திரிச்சு போவாங்களாம். இது உண்மையா, இல்ல பழசுன்னா எல்லாமே அழகா தெரியுற கேஸா? எல்லாத்துக்கும் போனைக் குத்தம் சொல்றதும் எனக்கு ஒப்பல. அந்தக் காலத்த பாத்தவங்க சொல்லுங்க. இங்கயும் வந்து உபி, சங்கின்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

மேலமாசி_வீதி

தம்பி, உங்கப்பா சொல்றது பாதி நெசம். திண்ணை நெசம், சாப்பாடும் நெசம். ஆனா அதோட நிறுத்திட்டா வரலாறு பொய்யாயிரும்.

72 அக்டோபர்ல எம்ஜிஆர் கட்சிக் கணக்கு கேட்டாருன்னு திமுகவ விட்டு நீக்குனாங்க, அந்த மாசமே தனிக்கட்சி ஆரம்பிச்சாரு. அப்ப ஊரு கிடந்த கிடை உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸு லாரி எதா இருந்தாலும் எம்ஜிஆர் படத்த ஒட்டிட்டுதான் நகர முடியும். எங்க தெருவுல டீக்கடையே ரெண்டா பிரிஞ்சு போச்சு, திமுக பேப்பர் முரசொலி கெடக்குற கடைக்கு இவிய்ங்க போக மாட்டாய்ங்க, எம்ஜிஆர் கட்சி பேப்பர் தென்னகம் கெடக்குற கடைக்கு அவிய்ங்க வர மாட்டாய்ங்க. வேட்டி கரைய பாத்துட்டுதான் ஆளுகிட்ட பேச்சே ஆரம்பிப்பாய்ங்க. 87 டிசம்பர்ல எம்ஜிஆர் செத்த அன்னைக்கு மவுண்ட் ரோட்டுல கலைஞர் சிலைய கடப்பாறையால இடிச்சாய்ங்க, உயிரோட இருக்குற மனுசனோட சிலைய. 89 மார்ச் 25ல சட்டசபைல நடந்தத இன்னைக்கு வரைக்கும் ரெண்டு கட்சியும் ரெண்டு விதமா சொல்லும். ஜெயலலிதா சேலைய புடிச்சு இழுத்தாங்கன்னாங்க, அப்படி ஒண்ணும் நடக்கலன்னு திமுக சொல்லுச்சு. அதுக்கப்புறம் 25 வருசத்துக்கு மேல அந்தப் பகைதான் தமிழ்நாட்டு அரசியலே. அதிமுக ஆளு ஒருத்தன் எதிர்க்கட்சிக்காரன் வீட்டு கல்யாணத்துல போட்டோவுல மாட்டுனா பதவி இருக்குமா போகுமான்னு பயந்த காலம் அது. மொய்ய மட்டும் வேற ஆளுட்ட குடுத்து விடுவாய்ங்க.

இதுல கூத்து என்னன்னா, இம்புட்டு பகைக்கும் கொள்கைல வித்தியாசம்னு ஒண்ணும் கெடையாது. எம்ஜிஆர் 82ல சத்துணவு போட்டாரு, கலைஞர் 89ல வந்து அதுல முட்டைய வச்சாரு. இட ஒதுக்கீட்ட எடுத்துக்கங்க, எம்ஜிஆர் 80ல பிற்பட்டோருக்கு 31 சதவீதத்த 50 ஆக்குனாரு, கலைஞர் அதுல 20 சதவீதத்த மிகவும் பிற்பட்டவங்களுக்குத் தனியா ஒதுக்குனாரு, ஜெயலலிதா 69 சதவீதத்துக்கு சட்டம் போட்டு 94ல ஒன்பதாவது அட்டவணைல கொண்டு போயி பூட்டிருச்சு. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமலே ஒரே வேலைய செஞ்சிருக்காக. அப்பறம் எதுக்குய்யா சிலைய இடிச்சீகன்னு கேட்டா பதில் கெடையாது. யாரு பெரிய ஆளுங்கிறதுதான் சண்டை. அதனாலதான் உங்க தாத்தா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட முடிஞ்சுச்சுன்னு நான் நெனைக்கிறேன், சண்டை எம்ஜிஆருக்கும் கலைஞருக்கும், இவுகளுக்குள்ள இல்ல.

மொட்டைமாடி_ஆண்டெனா

போன் மேல பழி போடாதீங்கன்னு நடு_பெஞ்சு சொன்னது கரெக்ட், ஏன்னா நம்ம ஊர்ல அந்த வேலைய டிவி எப்பவோ முடிச்சிருச்சு. திமுக பக்கம் சன் டிவி 1993, அதிமுக பக்கம் ஜெயா டிவி 1999, பாமகவுக்கு மக்கள் டிவி 2006, சன் டிவி ஓனர் மாறன் குடும்பத்தோட மனஸ்தாபம் வந்ததும் கலைஞர் டிவி 2007, விஜயகாந்துக்கு கேப்டன் டிவி 2010. ஜெயா டிவி சசிகலா குடும்பம் பக்கம் போனதும் அதிமுகவுக்கு சேனல் இல்லன்னு 2018ல நியூஸ் ஜெ. கட்சி உடைஞ்சா கொடிக்கு முன்னாடி டிவிக்கு லைசென்ஸ் வாங்குற ஊரு இது.

2001 ஜூன் 30 அதிகாலைல நடந்த கலைஞர் அரெஸ்ட்ட டிவில பாத்தவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரே சம்பவம்தான். சன்ல போலீஸ் அவர தூக்கி இழுத்துட்டு போறத நாள் முழுக்க திருப்பித் திருப்பி ஓட்டுறான், ரிமோட்ட அமுக்கினா ஜெயால திமுககாரங்க போலீஸ அடிக்கிறதா ஓடுது. எங்க வீட்டுல ஒரு டிவி, அப்பாவும் தாத்தாவும் ரிமோட்டுக்கு சண்டை, நான் ஒன்பதாவது படிச்சிட்டு இருந்தேன், எனக்கு கிரிக்கெட் போச்சேன்னு கவலை.

ஆனா ஒரு விஷயம். சன்னு யாரோடது ஜெயா யாரோடதுன்னு ஊருக்கே தெரியும், அதனால பாக்கும்போதே பாதி கழிச்சிட்டுதான் பாப்போம். ஃபார்வர்டுக்கு அப்படி ஓனர் கிடையாது, பெரிய மாமா அனுப்பினா அது பெரிய மாமா சொன்னதா ஆயிடுது. எல்லாரும் அல்காரிதம் அல்காரிதம்ங்கறாங்க, வாட்ஸப் க்ரூப்புல எந்த மெசேஜ் மேல வரணும்னு எந்த மிஷினும் முடிவு பண்றதில்ல, அனுப்பறது நம்ம ஆளுங்க. யூட்யூப் வேணா மிஷின், அதுல ஒண்ணு பாத்தா அதே மாதிரி பத்து வந்து நிக்கும், அத எடுத்து க்ரூப்புல போடறது மாமா. 2018ல இந்தியாவுல ஒரு ஃபார்வர்ட் அஞ்சு சாட்டுக்கு மேல போகாதுன்னு வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, வதந்திய நம்பி ஆளுங்கள அடிச்சே கொன்னாங்களே அதுக்கப்புறம். இருந்தும் 2023 மார்ச்ல என்ன ஆச்சு, தமிழ்நாட்டுல பீகார்காரங்கள அடிக்கறாங்கன்னு வேற எங்கயோ எடுத்த பழைய வீடியோ எல்லாம் சுத்த விட்டு, திருப்பூர்ல இருந்து ஜனங்க பயந்துபோய் ரயிலேற ஆரம்பிச்சாங்க. போலீஸ் இந்தில பேசி வீடியோ போட வேண்டியதாப் போச்சு. பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே வந்து விசாரிச்சிட்டு போச்சு.

கொங்கு_ஃபில்டர்

மேலமாசி அண்ணன் சொன்னதோட ஒத்துப் போறனுங்க, ஒரு எடத்துல மட்டும் இல்ல. பகை தலைவருங்க அளவுல நின்னுச்சுன்னு சொல்றீங்க, அதுக்கு ஜனங்க குடுத்த விலைய விட்டுட்டீங்களே. ஓமந்தூரார் தோட்டத்துல கலைஞர் ஆட்சில 2010ல தொறந்த தலைமைச் செயலகத்த அடுத்த வருசமே ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் வேண்டாம்னு விட்டுட்டு கோட்டைக்கே திரும்பிப் போனாங்க, அப்பறம் அது ஆஸ்பத்திரி ஆச்சு. ஆஸ்பத்திரி நல்லா நடக்குது, அது வேற விசயம். கோட்டூர்புரம் நூலகத்தையும் குழந்தைங்க ஆஸ்பத்திரி ஆக்கறேன்னு கெளம்புனாங்க, ஹைகோர்ட் தடுத்துருச்சு. 2011ல எல்லா ஸ்கூலுக்கும் ஒரே பாடத்திட்டம்ங்கற சமச்சீர் கல்வி கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், பசங்க ஸ்கூல் தொறந்து ரெண்டு மாசம் புஸ்தகமே இல்லாம உக்காந்திருந்தாங்க, கடைசில புஸ்தகம் கைக்கு வந்தப்ப பக்கத்துக்குப் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருந்துச்சு. என்ற தங்கச்சி பையன் அந்த ஸ்டிக்கர கிழிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதையே ஒரு வெளையாட்டா வெச்சிருந்தான்.

அந்த வகைப் பகை இப்ப கொறஞ்சிருச்சுங்க. 2021ல முகப்பேர்ல அம்மா உணவகத்து போர்ட திமுககாரனுங்க பிச்சு எறிஞ்சப்ப, ஸ்டாலினே நடவடிக்கை எடுக்கச் சொல்லி போர்ட திரும்ப மாட்ட வெச்சாரு. ஜெயலலிதா, எடப்பாடி படம் போட்ட ஸ்கூல் பேக்க வீணாக்காம அப்படியே பசங்களுக்கு குடுங்கன்னாங்க. பத்து வருசம் முன்னாடி நெனச்சுப் பாத்திருப்போமா?

இப்ப சண்டை வேற பக்கம் போயிருச்சு. கோயில அரசாங்கம் நடத்தறதா, இந்தி வேணுமா, நீட் வேணுமா, சனாதனம்னா என்ன, இதெல்லாம் நெசமாவே கருத்து வேறுபாடு. ஆனா நீட்ட பத்தி பேச ஆரம்பிச்சா அஞ்சாவது மெசேஜ்ல "நீ சாமி கும்பிடறவனா இல்லியா"ன்னு வந்து நிக்குது. ரெட்டை இலையா சூரியனான்னு கேட்டப்ப தோத்தவன் அஞ்சு வருசம் பொறுத்துக்கிட்டான். நீ இந்துவா, நீ தமிழனான்னு கேட்டா அதுல தோக்கறதுக்கு எவன் ஒத்துக்குவான்?

நடு_பெஞ்சு

கொங்கு, இதுதான் எங்க வீட்டுலயும். மாமாவுக்கு வலிச்சது "200 ரூவா" இல்லயாம், "நீங்கல்லாம் கோயிலுக்கு ஏன் வர்றீங்க"ன்னு அவன் கேட்டதுதானாம். அவர் வருஷா வருஷம் பழனிக்கு பாதயாத்திரை போற ஆளு! அவனுக்கு கோவம் வந்தது வேற, மாமா அவன "தமிழ்நாட்டுல இருக்கவே தகுதியில்லாதவன்"னு எழுதிட்டார்.

வள்ளியூர்_டீச்சர்

எல்லாத்தையும் படிச்சேன். நல்லா பேசுதீங்க, ஆனா எல்லாரும் ஒண்ண சுத்திக்கிட்டே போறீங்க.

எங்க பக்கத்துல ஸ்கூல் பிள்ளையள் கைல கலர் கலரா கயிறு கட்டிட்டு வரும். எந்தக் கலர் எந்த சாதின்னு வாத்தியார்மாருக்கும் தெரியும், பிள்ளையளுக்கும் தெரியும். 2019ல அதக் கட்டக்கூடாதுன்னு கல்வித்துறைல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு, ஒடனே சத்தம் கெளம்புச்சு, அப்படியே அமுங்கிப் போச்சு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பன்னெண்டாவது படிக்கிற தலித் பையன கூடப் படிக்கிற பயலுவளே வீட்டுக்குள்ள பூந்து வெட்டுனானுவ, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டுனானுவ. அதுக்கப்புறம்தான் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, கயிறு கூடாது, பள்ளிக்கூடப் பேர்ல சாதி இருக்கக்கூடாதுன்னு. அந்தப் பரிந்துரைக்கும் எதிர்ப்பு வந்துச்சு, எங்க எங்க இருந்து வந்துச்சுன்னு நீங்களே தேடிப் பாத்துக்கிடுங்க.

அந்த வெட்டுன பயலுவளுக்கு வாட்ஸப் மாமா யாரும் சொல்லிக் குடுக்கல. வீடு சொல்லிக் குடுத்துருக்கு, தெரு சொல்லிக் குடுத்துருக்கு. மேலமாசி அண்ணாச்சி சொன்ன ரெண்டு டீக்கடையையும் கேக்கேன், அதுல எத்தன கடைல காலனிக்காரவுகளுக்கு தனி கிளாஸ் இருந்துச்சு? உதயசூரியன் கடை, ரெட்டை இலை கடை ரெண்டுலயும் அந்த விசயத்துல மட்டும் கூட்டணிதான். 2012ல தர்மபுரி நத்தம் காலனிய எரிச்சது சாதி மாறி நடந்த ஒரே ஒரு கல்யாணத்துக்காக. பொண்ணு மாப்பிள்ளை எந்தக் கட்சின்னு அதுல எவனும் கேக்கல.

தாத்தா ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு ஒண்ணா சாப்பிட்டாகன்னா, அது பெருந்தன்மைன்னு சொல்லாதீய. அண்ணன் தம்பி, ஒரே சாதி, ஒரே வீட்டு சோறு. நடு_பெஞ்சு தம்பிக்கு ஒரு கேள்வி, அந்த க்ரூப்புல இருக்க அறுபது பேர்ல எத்தன சாதி இருக்கு?

மேலமாசி_வீதி

டீச்சரம்மா கேட்டது சரிதான். தனி கிளாஸ் ரெண்டு கடைலயும் இருந்துச்சு, இல்லங்கல. கிளாஸ கழுவி கவுத்திட்டு போறதும் அவுக வேலதான். ஆனா கட்சிப் பகைய சும்மா நுரைன்னு ஒதுக்க முடியாதும்மா. 2018ல கலைஞருக்கு மெரினால எடம் தரமாட்டோம்னு அதிமுக அரசாங்கம் சொல்லி, ராத்திரியும் மறுநாள் காலைலயும் ஹைகோர்ட்ல கேஸ் நடந்துதான் எடம் கெடச்சது. செத்தவர பொதைக்க கோர்ட்டுக்கு போனத பாத்துட்டு என்னால அத சின்ன விசயம்னு சொல்ல முடியல.

வள்ளியூர்_டீச்சர்

அண்ணாச்சி, சின்ன விசயம்னு நானும் சொல்லல. ஆனா சுடுகாட்டுக்குப் பொணத்த எடுத்துட்டுப் போக பாதை விடமாட்டேன்னு மறிக்கது எங்க ஊர் பக்கம் இன்னும் நடக்கு. அதுக்கு ராத்திரில எந்தக் கோர்ட்டும் தொறக்காது.

மொட்டைமாடி_ஆண்டெனா

நடு_பெஞ்சு எங்க போனீங்க, டீச்சர் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது.

நடு_பெஞ்சு

இங்கதான் இருக்கேன். எண்ணிப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல, ஒரே சாதிதான். லவ் மேரேஜ் பண்ண ஒரு அக்கா இருந்தாங்க, அவங்கள க்ரூப்புல சேக்கவே இல்ல. அப்ப மாமாவும் சித்தப்பா பையனும் ஒரே பக்கம்தான் நின்னாங்க, இப்பத்தான் உறைக்குது. இத க்ரூப்புல கேட்டா ரெண்டு பேரும் சேந்து என்னை வெளிய தள்ளிடுவாங்க.

கொங்கு_ஃபில்டர்

கேட்டுப் பாருங்க, அத்தை திரும்பி வந்தாலும் வந்துருவாங்க.