எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும் ஒண்ணுமே புரியல... காலேஜ் சேர்ந்து 3 வாரம் ஆச்சு

எர்ணாவூர்_கெமிஸ்ட்ரி:

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், இங்க முதல் தடவை எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும். நான் பி.எஸ்.சி கெமிஸ்ட்ரி ஃபர்ஸ்ட் இயர், கவர்மென்ட் ஸ்கூல் தமிழ் மீடியம், ப்ளஸ் டூல 487 மார்க். எங்க தெருவுல அது பெரிய மார்க்கு, ஸ்வீட்லாம் குடுத்தோம். இப்போ என்னன்னா க்ளாஸ்ல மேடம் ஃபுல்லா இங்கிலீஷ்ல நடத்தறாங்க, போர்டுல எழுதறத காப்பி பண்றேன், ஆனா என்ன எழுதறேன்னே தெரியல. பக்கத்துல இருக்கற பொண்ணுங்கலாம் தலைய தலைய ஆட்டுறாங்க. டவுட் கேக்க எழுந்தா வாய்ல வார்த்தையே வராது.

அப்புறம் ட்ரெயின். விம்கோ நகர்ல ஏறி சென்ட்ரல் போகணும், 8.30க்கு க்ளாஸ், பேசின் பிரிட்ஜ் கிட்ட சிக்னல்ல போட்டானா அவ்ளோதான், ஃபர்ஸ்ட் ஹவர் போச்சு. 3 வாரத்துல 5 தடவை லேட்டு. எங்கப்பா ஹார்பர்ல கன்டெய்னர் லாரி ஓட்டுறாரு, ராத்திரி வந்து "காலேஜ் எப்டி போகுதும்மா"ன்னு கேப்பாரு, "சூப்பரா போகுதுப்பா"ன்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போய் அழறேன். தமிழ் லிட்ரேச்சருக்கு மாத்திக்கலாமா, இல்ல நின்னுட்டு வேலைக்குப் போலாமான்னு யோசிக்கறேன். ட்ரெயின் செலவு, மதியம் சாப்பாடுன்னு அதுவேற. யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

—

தண்டையார்பேட்டை_டீச்சர்:

கண்ணு, முதல்ல ஒண்ணு, தலையாட்டுறவங்களுக்கெல்லாம் புரியுதுன்னு யார் சொன்னா? நான் 11 வருஷமா பாடம் எடுக்கறேன், முன் பெஞ்சுல ஜோரா தலையாட்டுற பொண்ணுகிட்ட திருப்பிக் கேட்டா திருதிருன்னு முழிக்கும். நீ சொன்ன மார்க்குக்கு உனக்கு கெமிஸ்ட்ரி தெரியும், உனக்குத் தெரியாதது அதோட இங்கிலீஷ் பேர் மட்டும்தான். இது ரெண்டும் வேற வேற விஷயம், குழப்பிக்காத.

நான் படிச்சப்ப பண்ணத சொல்றேன். நம்ம ஸ்டேட் போர்டு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி புக்கு தமிழ்லயும் இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு, ரெண்டும் அதே பாடம், அதே வரிசை. இங்கிலீஷ் புக்கு நெட்ல பாடநூல் பக்கத்துல இலவசமா இறக்கிக்கலாம். ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சுக்கோ. தமிழ்ல "இனக்கலப்பு"ன்னு இருக்கற எடத்துல அங்க ஹைப்ரிடைசேஷன்னு இருக்கும், "அயனியாக்கும் ஆற்றல்"னா அயனைசேஷன் எனர்ஜி, "பிணைப்பு"னா பாண்டு. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ். ஒரு நாளைக்கு 10 வார்த்தை போதும், அதுக்கு மேல எழுதாத, எழுதினா நாலு நாள்ல விட்டுடுவ. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல வர்ற பாதி விஷயம் ப்ளஸ் ஒன்ல நீ மனப்பாடமா எழுதினதுதான், பேர் மாறி வந்து நிக்குது, அதான் அடையாளம் தெரியல.

டவுட்ட க்ளாஸ்ல எழுந்துதான் கேக்கணும்னு இல்ல. க்ளாஸ் முடிஞ்சதும் டிபார்ட்மென்ட் ரூம் வாசல்ல நில்லு, தமிழ்லயே கேளு. திட்டுவாங்கன்னு நினைக்காத, மூணு வாரத்துல ஒரு பிள்ளையும் வந்து கேக்கலயேன்னு நாங்கதான் ஏங்கிட்டு இருப்போம். (எல்லாரும் அப்படின்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஒருத்தர் மூஞ்ச தூக்குனா அடுத்தவர்கிட்ட போ.)

—

மணலி_எம்பிஏ:

ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ் சேர்ந்துடுங்க சிஸ், 3 மாசத்துல சரியாயிடும். கான்ஃபிடன்ஸ்தான் எல்லாமே.

—

கொருக்குப்பேட்டை_கேட்:

யோவ் எம்பிஏ, ட்ரெயின் காசுக்கே பேஜாராகீதுன்னு அந்த பொண்ணு அழுவுது, நீ ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்ட சொல்ற. அந்த க்ளாஸ்ல "மை நேம் ஈஸ்" சொல்லி குடுப்பான், கெமிஸ்ட்ரி சொல்லி குடுக்க மாட்டான்.

தங்கச்சி, டீச்சரக்கா படிப்ப சொல்லிட்டாங்க, நான் ட்ரெயின சொல்றேன். நீ சீசனுக்கு துட்டு குடுத்துனு இருக்கியா? பொம்பள புள்ளைங்களுக்கு டிகிரி முடிக்கற வரைக்கும் வூட்லேர்ந்து காலேஜுக்கு செகண்ட் க்ளாஸ் சீசன் ஃப்ரீ. காலேஜ் ஆபீஸ்ல ஃபார்ம்ல சீல் வாங்கினு கவுன்ட்டர்ல குடு. பசங்களுக்கு ப்ளஸ் டூவோட நிறுத்திட்டான், அதுக்கு அப்பால காசுதான், இன்னா பண்றது. பஸ்ல போறதுன்னா சாதா கட்டண வண்டில உனுக்கு டிக்கெட்டே கெடையாது, டீலக்ஸ்ல ஏறிடாத.

லேட்டாவறத பத்தி. ஒரு ட்ரெயின் முன்னாடி புடி, வேற வழியே இல்ல. பேசின் பிரிட்ஜ் சிக்னல் எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான் கீது, உனுக்காக மாற போறதில்ல. நான் ஃபர்ஸ்ட் இயர்ல இன்னா பண்ணேன் தெரியுமா, ரூட்டு ரூட்டுன்னு ஒரு கும்பலோட சேர்ந்துனு ஃபுட்போர்டுல தொங்கி, பெட்டிய தட்டி கானா பாடி, வேற காலேஜ் பசங்களோட ஒரு நாள் ஸ்டேஷன்ல தகராறு, போலீஸ் கூட்டினு போய் குந்த வெச்சாங்க. எங்கம்மா வந்து கையெழுத்து போட்டு கூட்டினு வந்தாங்க, வழி பூரா ஒரு வார்த்த பேசல. அத விட பெரிய அடி இன்னான்னா அட்டென்டன்ஸ் 75 பர்சன்ட் வரல, எக்ஸாம் எழுத விடல, ஒரு வருசம் போச்சு. எனுக்கு அத ஒர்த்தனும் முன்னாடி சொல்லல, இல்ல சொல்லி நான் கேக்கலயோ. அதனால ஒரு சின்ன நோட்டுல எந்த நாள் எந்த ஹவர் போச்சுன்னு நீயே கணக்கு எழுதினு வா.

—

தண்டையார்பேட்டை_டீச்சர்:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. மெட்ராஸ் யுனிவர்சிட்டி கீழ வர்ற காலேஜ்னா ஒவ்வொரு பேப்பருக்கும் இன்டர்னல் 25, செமஸ்டர் எக்ஸாம் 75. அந்த 25ல டெஸ்ட், அசைன்மென்ட்லாம் இருக்கு. இங்கிலீஷ் தடுமாறுற பிள்ளைக்கு அந்த 25தான் கைத்தடி, நேரத்துக்கு அசைன்மென்ட் குடுத்தாலே நல்லா வரும்.

இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன், ஆறாவதுலேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்தானே? அப்போ புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் உனக்கு வரணும். 2022லேர்ந்து குடுக்கறாங்க, காலேஜ் மூலமாத்தான் பதியணும், உன் பேர்ல பேங்க் அக்கவுன்ட்டும் அதுல ஆதார் இணைப்பும் இருக்கான்னு பாரு. முதல்ல நீ இத பண்ணு, அழறத அப்புறம் வெச்சுக்கலாம்.

லிட்ரேச்சர் மாறுறது... தமிழ் பிடிச்சு மாறினா நானே கையெழுத்து போடுவேன், கெமிஸ்ட்ரிக்கு பயந்து மாறாத. முதல் இன்டர்னல் டெஸ்ட் வரைக்கும் இருந்து பாரு.

—

ராயபுரம்_அம்மா:

நான் படிச்சவ இல்லமா, என் பையன் போன்ல படிச்சு காமிச்சான், நான் சொல்ல அவன் டைப் பண்றான். அப்பாகிட்ட மறைக்காத. லாரி ஓட்டுறவருக்கு சிக்னல்ல நிக்கறது என்னன்னு தெரியாதா. காலைல சாப்டாம ஓடாத, அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபாதான், கூச்சப்படாம நாலு வாங்கி சாப்டு.

—

எர்ணாவூர்_கெமிஸ்ட்ரி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். ஞாயித்துக்கிழமை அந்த இங்கிலீஷ் புக்கு இறக்கினேன். டீச்சரக்கா, ஹைப்ரிடைசேஷன்னா இனக்கலப்பாம்!! இத நான் ப்ளஸ் ஒன்ல 5 மார்க் எழுதிருக்கேன், படம்லாம் போட்டு. மூணு வாரமா மேடம் அதத்தான் நடத்திட்டு இருந்தாங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

ஆபீஸ்ல கேட்டேன், புதுமைப்பெண்ணுக்கு என் பேரு லிஸ்ட்லயே இல்ல, அக்கவுன்ட்டு அம்மா பேர்ல குடுத்திருக்கேன் போல, நாளைக்கு பேங்க் போறேன். முன் பெஞ்சு தலையாட்டுற பொண்ணு மீஞ்சூராம், அவளும் தமிழ் மீடியம்தான். சீசன் ஃபார்ம் ரெண்டா வாங்கிட்டு வந்துட்டேன், அவளுக்கும் இது தெரியாது.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல. இந்த வாரம் அவருக்கு நைட் ட்ரிப்பு.

கேட் அண்ணா, 6.40 மணி வாக்குல வர்ற வண்டில லேடீஸ் பெட்டி முன்னாடி வருமா பின்னாடி வருமா? நான் எப்பவும் ஓடி ஓடி தப்பான பெட்டிலதான் ஏறுறேன்.